ஆஸ்துமா என்றால் எந்த ஆஸ்துமா?

காய்ச்சல் என்று யாராவது சொன்னால், "என்ன காய்ச்சல்?" என்று உடனே கேட்கிறோம். மலேரியாவா, டைபாய்டா, டெங்குவா, சாதாரண சளிக் காய்ச்சலா என்று தெரியாமல் மருந்து தின்பதில் அர்த்தமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆஸ்துமா என்றால் அந்தக் கேள்வி யார் வாயிலும் வருவதில்லை. இன்ஹேலர் கைக்கு வந்துவிடுகிறது, பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

ஆஸ்துமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூச்சிரைப்பு என்றுதான் பொருள். நாம் இரைப்பு, இளைப்பு, ஈளை என்று சொல்கிறோமே, அதுபோல அதுவும் நோயாளி படும் அவதிக்கு வைத்த பெயர். அவதி எதனால் வந்தது என்று அந்தப் பெயர் சொல்லாது. 2019ஆம் ஆண்டில் உலகம் முழுக்கச் சுமார் 26 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது, 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இத்தனை கோடிப் பேருக்கும் ஒரே காரணம், ஒரே மருந்து என்று இருக்க வாய்ப்பில்லை.

குழந்தைகளுக்கு வரும் ஆஸ்துமாவில் பெரும்பகுதி ஒவ்வாமையைச் சார்ந்தது. பெரியவர்களிடம்தான் வகைகள் பலவாகப் பிரிகின்றன. முப்பதிலோ ஐம்பதிலோ முதன்முறையாக இரைப்பு வந்தவருக்கு "எந்த வகை?" என்ற கேள்வி மிகவும் முக்கியம். இந்தக் கட்டுரை அவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில், குழாய்க்குள் என்ன நடக்கிறது

தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, பிறகு மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து நுரையீரல் முழுக்கப் பரவுகிறது. ஒவ்வொரு கிளையின் சுவரிலும் உள்ளே ஈரமான மெல்லிய சவ்வு, அதைச் சுற்றி வளையம்போலத் தசை. ஆஸ்துமாவில் தசை இறுகுகிறது, சவ்வு வீங்குகிறது, கெட்டியான சளி சேர்ந்து வழியை அடைக்கிறது. ஒரு குழாயின் விட்டம் பாதியாகச் சுருங்கினால், அதன் வழியே காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய 16 மடங்கு ஆகிறது. கொஞ்சம் வீக்கம்தானே என்று தோன்றுவது மூச்சை முட்டவைப்பது இதனால்தான்.

சால்பியூட்டமால் போன்ற உடனடி நிவாரண இன்ஹேலர் தசையை மட்டும் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் இதமாக இருக்கும். வீக்கத்தை அது தொடுவதில்லை. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் வீக்கத்தைக் குறைக்கிறது, ஆனால் அதற்கு நாட்களும் வாரங்களும் ஆகும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் வகைகளைப் புரிந்துகொள்வது எளிது. ஏனென்றால், தசை இறுகுவது எல்லா வகைக்கும் பொது. வீக்கம் எதனால் வருகிறது என்பதில்தான் வகைகள் வேறுபடுகின்றன.

இது ஆஸ்துமாதானா?

வகைக்குப் போகுமுன் இந்தக் கேள்வியைத் தாண்டியாக வேண்டும். கனடாவில் மருத்துவர்களால் ஆஸ்துமா என்று சொல்லப்பட்ட 613 பெரியவர்களை முறையாக மறுபடியும் சோதித்தார்கள். 2017இல் முடிவுகள் வெளியாயின. மூன்றில் ஒருவருக்கு அப்போது ஆஸ்துமா இருந்ததற்கான அடையாளமே இல்லை. சிலருக்கு அது தானாக அடங்கியிருக்கலாம், சிலருக்கு முதலிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு சிலருக்கு உண்மையான பிரச்சினை வேறு, அதுவும் கவலைப்பட வேண்டியது.

ஆஸ்துமாவின் கையெழுத்து, ஏற்ற இறக்கம். ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் முட்டும். பகலில் சும்மா இருந்துவிட்டு விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுப்பிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணாக்கிக் காட்டுவது ஸ்பைரோமெட்ரி. ஆழமாக மூச்சிழுத்து, முழு வேகத்தில் குழாய்க்குள் ஊதுகிறீர்கள். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று கருவி அளக்கிறது. பிறகு நிவாரண இன்ஹேலரை இழுத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். முதல் நொடி அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால், அடைப்பு தளரக்கூடியது என்று அர்த்தம். நீங்கள் நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் எல்லாம் சரியாகவே வரலாம். ஆகவே ஒரு முறை சரியாக வந்துவிட்டது என்பதற்காக ஆஸ்துமா இல்லை என்று முடிவுகட்ட முடியாது. சந்தேகம் தீராவிட்டால் மெத்தகோலின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாகச் சுவாசிக்கவைத்து, குழாய் எவ்வளவு சீக்கிரம் இறுகுகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது.

ஆஸ்துமாபோல வேடமிடும் நோய்கள் பல. நீண்ட காலம் புகைத்தவர்களுக்கும் அடுப்புப் புகையில் பல ஆண்டுகள் நின்றவர்களுக்கும் வரும் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் அடைப்பு பெரிதாக ஏறி இறங்காது, மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு. இதயம் பலவீனமானால் நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டும், இரைப்புச் சத்தம்கூடக் கேட்கும். குரல்நாண்கள் மூச்சை இழுக்கும்போது தவறாக மூடிக்கொள்ளும் கோளாறும் உண்டு. அதில் சத்தம் தொண்டையிலிருந்து வரும், மூச்சை விடும்போதைவிட இழுக்கும்போது அதிகம் கேட்கும், இன்ஹேலரால் பயன் இருக்காது. யானைக்கால் நோய்ப் புழுவால் வெப்ப மண்டல நாடுகளில் வரும் நுரையீரல் ஈசினோஃபிலியா என்ற நோயும் இரவு இருமலோடு அச்சு அசல் ஆஸ்துமாபோலவே தோன்றும், ஆனால் அதற்கு மருந்து வேறு.

மாத்திரைகளையும் மறக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். புரப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் உண்மையான ஆஸ்துமாவையே கிளப்பிவிடும். கண் நீர் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே குடும்பம்தான். கண்ணில் விடும் ஒரு சொட்டு நெஞ்சை இறுக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அதனால்தான் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு சிறிய அணு, இரண்டு முறை கற்ற பாடம்

1879இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் ரத்த அணுக்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஆவலோடு உறிஞ்சிக்கொண்ட ஒரு வெள்ளை அணுவைக் கண்டார். அதற்கு ஈசினோஃபில் என்று பெயர் வந்தது. புழுக்களை எதிர்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. சில வகை ஆஸ்துமாவில் அது மூச்சுக்குழாய்ச் சவ்வில் கூட்டமாக வந்து குடியேறி வீக்கத்தை உண்டாக்குகிறது.

1958இல் ஹாரி மாரோ பிரவுன் என்ற மருத்துவர், ஆஸ்துமா நோயாளிகளின் சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சளியில் ஈசினோஃபில் நிறைய இருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை நன்றாக வேலை செய்தது. இல்லாதவர்களுக்குப் பெரிய பயன் இல்லை. இவ்வளவு தெளிவான குறிப்பு கிடைத்தும், ஆஸ்துமா ஒரே நோய் என்ற எண்ணம்தான் பல பத்தாண்டுகள் நீடித்தது.

பிறகு அதே பாடத்தை மருத்துவ உலகம் மறுபடியும் படிக்க வேண்டி வந்தது. ஈசினோஃபில்களை வளர்த்துவிடும் இன்டர்லூக்கின்-5 என்ற புரதத்தை மடக்க மெபோலிசுமாப் என்ற ஊசி மருந்து உருவானது. 300க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம், வகை பார்க்காமல், கொடுத்துச் சோதித்தார்கள். 2007இல் வெளியான முடிவு ஏமாற்றம்: குறிப்பிடத்தக்க பயன் இல்லை. அந்த மருந்து அதோடு மறைந்துபோயிருக்கும். ஆனால் 2009இல் இரண்டு சிறிய ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 61 பேர், இன்னொன்றில் 20 பேர்தான். ஸ்டீராய்டு எடுத்தும் ஈசினோஃபில் அடங்காதவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து அதே ஊசியைப் போட்டார்கள். முதல் ஆய்வில் கடும் இரைப்புத் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. இரண்டாவதில் ஸ்டீராய்டு மாத்திரையையே பெருமளவு குறைக்க முடிந்தது. மருந்தில் ஒரு மாற்றமும் இல்லை. கொடுத்த ஆட்கள்தான் வேறு. 2015இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வகைப்படுத்துவது ஏதோ ஆராய்ச்சியாளர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒரு கதையைத்தான்.

இன்று மருத்துவர்கள் முதலில் கோடு கிழிப்பது இங்கேதான். ஈசினோஃபிலும் அதைச் சார்ந்த ஒவ்வாமை வழிகளும் தூண்டும் வீக்கத்துக்கு "டைப் 2" என்று பெயர். ஒரு பக்கம் டைப் 2 வீக்கம் உள்ளவர்கள், மறுபக்கம் அது இல்லாதவர்கள். முதல் கூட்டத்துக்கு ஸ்டீராய்டு பொதுவாக நன்றாகக் கேட்கும், இரண்டாம் கூட்டத்துக்கு அவ்வளவாகக் கேட்காது.

நீங்கள் எந்தப் பக்கம் என்பதற்கான துப்பு, உங்கள் பழைய ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே கிடக்கலாம். மொத்த வெள்ளை அணுக்கள் எத்தனை, அதில் ஈசினோஃபில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். மொத்தம் 8,000, ஈசினோஃபில் 5 சதவீதம் என்றால் 400. சதவீதத்தை மட்டும் பார்த்து "5தானே" என்று விட்டுவிடுகிறோம். பார்க்க வேண்டியது இந்த 400ஐ. அதிக அளவு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருக்கும்போதும் இந்த எண் 150ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, டைப் 2 வீக்கம் இன்னும் அடங்கவில்லை என்று சந்தேகிப்பார்கள். 300ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும்.

எண்ணை நம்புவதற்கு முன் சில எச்சரிக்கைகள் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது ஈசினோஃபில் சட்டென்று விழுந்துவிடும். அப்போது எடுத்த ரத்தத்தை வைத்து "உங்களுக்கு அந்த வகை இல்லை" என்று சொன்னால் அது தவறாக இருக்கலாம். வயிற்றுப் புழுவும் வேறு சில ஒவ்வாமைகளும் இதே எண்ணை ஏற்றிவிடும். நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறும் எண் இது, எனவே ஒருமுறை குறைவாக வந்தால் மறுமுறையும் பார்க்க வேண்டும்.

இதற்குத் துணையாக ஒரு மூச்சுச் சோதனை இருக்கிறது. டைப் 2 வீக்கம் உள்ள குழாய்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அதிகம் வெளியிடும். கருவிக்குள் மெதுவாக, ஒரே சீராக ஊதினால் போதும், ஊசி குத்தல் கிடையாது. பெரியவர்களிடம் நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழே என்றால் குறைவு, 50க்கு மேல் என்றால் அதிகம். புகைப்பவர்களிடம் இந்த அளவு குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

டைப் 2 பக்கத்தில் இருப்பவர்கள்

எல்லோருக்கும் தெரிந்தது ஒவ்வாமை ஆஸ்துமா. பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும். தும்மல், கண் அரிப்பு, தோல் கரப்பான் ஆகியவை கூடவே வந்திருக்கும், குடும்பத்தில் வேறு யாருக்காவதும் இருக்கும். தூசுப்பூச்சி, மகரந்தம், பூனை நாயின் தோல் செதில், பூஞ்சை, கரப்பான்பூச்சி என்று தூண்டும் பொருள் ஆளுக்கு ஆள் மாறும். உடல் அவற்றுக்கெதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்திருக்கும். 1960களின் நடுவில் இஷிசாகா தம்பதியர் அமெரிக்காவிலும், யோஹான்சன், பென்னிக் என்ற இருவர் சுவீடனிலும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். அதைக் குறிவைக்கும் ஒமாலிசுமாப் ஊசி 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆஸ்துமாவில் ஒரு குறிப்பிட்ட வகைக்கென்றே வந்த முதல் உயிரியல் மருந்து அது.

தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையில் தடிப்பு வந்துவிட்டால் மட்டும் ஒவ்வாமை ஆஸ்துமா ஆகிவிடாது. தூசுப்பூச்சிக்குத் தடிப்பு வரும் பலருக்கு இரைப்பே கிடையாது. அந்தப் பொருள் அருகில் வரும்போது மூச்சு முட்டுகிறதா என்பதும் சேர்ந்து பொருந்த வேண்டும். நீண்ட பட்டியல் போட்டுக் கொடுக்கும் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டை நிறுத்திவிடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பெரியவர்களின் ஆஸ்துமாவில் உணவு காரணமாக இருப்பது அரிது.

ஒவ்வாமையின் வேகத்தைக் காட்டிய நாள் 2016 நவம்பர் 21. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இடிமழை வந்த மாலை. புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய நுண்துகள்களாகிக் காற்றில் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளை நாடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் தமக்கு ஆஸ்துமா இருப்பதாகவே அறியாதவர்கள். மகரந்தத் தும்மல் மட்டும் இருந்தவர்கள்.

இன்னொரு வகை, பெரிய வயதில் தொடங்கும் ஈசினோஃபில் ஆஸ்துமா. முப்பது, நாற்பது வயதுவரை ஒன்றுமில்லாமல் இருந்தவருக்கு ஒரு நாள் சளி பிடித்ததுபோல ஆரம்பித்து, விடவே விடாது. ஒவ்வாமைச் சோதனை பெரும்பாலும் வெறுமையாக வரும். மூக்கைக் கேளுங்கள்: மூக்கடைப்பு, சைனஸ் தொல்லை, மூக்கில் சதை வளர்ச்சி, வாசனை தெரியாமல் போவது. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள். நெஞ்சு மருத்துவரிடம் மூக்கைப் பற்றியும், மூக்கு மருத்துவரிடம் இரைப்பைப் பற்றியும் நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். இவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் ஒரு வாரத்தில் மூக்கு திறந்து வாசனை திரும்பும், நிறுத்தினால் மறுபடியும் அடைக்கும். "மாத்திரை சாப்பிடும்போது மட்டும் நன்றாக இருக்கிறது" என்ற வாக்கியத்தை ஒரு மருத்துவர் கேட்டால், அதை அவர் தட்டிக்கழிக்கக் கூடாது.

இதன் நெருங்கிய உறவு ஆஸ்பிரின் ஆஸ்துமா. பிரான்சில் 1922இலேயே விடால் என்பவரும் உடனிருந்தவர்களும் இதைப் பதிவு செய்தார்கள். 1968இல் மேக்ஸ் சாம்டர் இதை விரிவாக எழுதியபின் சாம்டர் முக்கூட்டு என்ற பெயர் நிலைத்தது. ஆஸ்துமா, மூக்குச் சதை, வலிநிவாரண மாத்திரை ஒத்துக்கொள்ளாமை ஆகியவைதான் அந்த மூன்று. பெரியவர்களின் ஆஸ்துமாவில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்கு இது இருக்கிறது, கடுமையான ஆஸ்துமாவில் இன்னும் அதிகம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்ற எதை விழுங்கினாலும், பெரும்பாலும் அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, முகம் சிவந்து, நெஞ்சு இறுகும். பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாத மாத்திரை ஒரு நாள் திடீரென்று இப்படிச் செய்யும் என்பதுதான் இதில் ஆபத்து. இந்த மாத்திரைகள் உடலில் ஒரு நொதியை அடைக்கின்றன. அந்தப் பக்கம் அடைபட்டதும் லூகோட்ரையின் என்ற, குழாயை இறுக்கும் பொருள் பெருகிவிடுகிறது. பாராசிட்டமால் வழக்கமான அளவில் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். இதைப் படித்துவிட்டு இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். ஆஸ்துமா உள்ள பெரும்பாலானோருக்கு அது எந்தத் தொல்லையும் தராது. தொல்லை வருபவர்களுக்கும், மருத்துவமனையில் வைத்துச் சிறிதளவில் தொடங்கிப் பழக்கும் முறை இருக்கிறது.

அரிதான இரண்டையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தவறவிட்டால் இழப்பு பெரிது. ஒன்று, அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு நுரையீரல் காட்டும் கடும் ஒவ்வாமை. கெட்டியான பழுப்பு நிறச் சளிக்கட்டிகள் வெளிவரும், ரத்தத்தில் மொத்த ஐஜிஇ மிக அதிகமாக ஏறியிருக்கும், கவனிக்காவிட்டால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சேதமாகும். மற்றொன்று, ஈசினோஃபில் மிகுந்து ரத்தக்குழாய்களையே தாக்கும் நோய். ஆஸ்துமா உள்ளவருக்கு ஈசினோஃபில் 1,500ஐத் தாண்டி, கூடவே கைகால் மரத்துப்போவது, பாதம் தொங்குவது, தோலில் புள்ளிகள், எடை குறைவு என்று வந்தால் நாள் கடத்தக் கூடாது. இதயத்தையும் அது தாக்கும்.

மறுபக்கம்

டைப் 2 இல்லாத ஆஸ்துமாவைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு. உடல் எடை மிகுந்தவர்களிடம், குறிப்பாக நடுவயதுப் பெண்களிடம், வரும் ஒரு வகை தெளிவாகத் தெரிகிறது. மூச்சுத்திணறல் மிகுதி, ஈசினோஃபில் குறைவு. இவர்களுக்கு ஸ்டீராய்டை ஏற்றிக்கொண்டே போவதில் ஒரு கொடுமை இருக்கிறது: நீண்ட நாள் மாத்திரை எடையை மேலும் கூட்டும், எடை மூச்சை மேலும் அமுக்கும். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கட்டுப்பாடு கூடுகிறது. "எடையைக் குறையுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்புவது சிகிச்சை ஆகாது. அதற்கும் மருந்துக்கு நிகரான துணையும் திட்டமும் வேண்டும்.

சிலருக்குச் சளியில் நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளை அணு மிகுந்திருக்கும். புகை, மாசு, நாள்பட்ட தொற்று இதற்குப் பின்னால் இருக்கலாம். புகைபிடித்தால் ஸ்டீராய்டு இன்ஹேலரின் பலன் குறைகிறது. இங்கே சிகரெட்டை நிறுத்துவது வெறும் அறிவுரை இல்லை, மருந்து வேலை செய்வதற்கான நிபந்தனை. சிலருக்கு அசித்ரோமைசின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் மாதக்கணக்கில் கொடுப்பதும் தாக்குதல்களைக் குறைக்கிறது. இதயத் துடிப்பு, காது கேட்கும் திறன் எல்லாம் பார்த்து நிபுணர்கள் எடுக்கும் முடிவு அது.

வேலை, ஓட்டம், இருமல்

இனி வருபவை எந்தப் பக்கத்திலும் இருக்கலாம். எப்போது வருகிறது என்பதை வைத்து இவற்றை அடையாளம் காண்கிறோம்.

பெரியவர்களின் ஆஸ்துமாவில் ஏறக்குறைய ஆறில் ஒன்றுக்கு வேலையிடத்தோடு தொடர்பு உண்டு. ரொட்டி அடுமனையில் மாவுத்தூள், வண்டிக்கு வண்ணம் தெளிப்பவருக்கு ஐசோசயனேட், தச்சருக்கு மரத்தூள், துப்புரவுப் பணியாளருக்குக் கிருமிநாசினி, ஆய்வகத்தில் எலி, மருத்துவமனையில் ரப்பர் கையுறை. சேர்ந்த உடனே வராது. மாதங்களோ ஆண்டுகளோ பழகியபின் வரும் என்பதால்தான் "இத்தனை நாள் இதே வேலைதானே செய்தேன்" என்று சந்தேகமே வருவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி மிக எளிது: விடுமுறை நாட்களில் மூச்சு நன்றாக இருக்கிறதா? ஆமென்றால், ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு நாளைக்கு நான்கு முறை, சில வாரங்கள், வேலை நாளிலும் விடுப்பு நாளிலும் ஊதி எழுதி வையுங்கள். வேலை நாட்களில் கோடு சரிந்து, விடுப்பில் ஏறினால் அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. சீக்கிரம் கண்டுபிடித்து அந்தப் பொருளிலிருந்து விலகினால் முழுதாகக் குணமாகும் வாய்ப்பு உண்டு. காலம் கடந்தால் வேலையை விட்டபிறகும் நோய் தங்கிவிடும். பிழைப்பா மூச்சா என்று ஒருவரை நிறுத்துவது அநியாயம். அதனால்தான் வேலையை விடச்சொல்லும் முன் இந்தச் சாட்சியைச் சேர்ப்பது அவசியம். பணியிடத்தில் பொருளை மாற்றவோ, இழப்பீடு கேட்கவோ அதுதான் கைகொடுக்கும்.

ஓடினால் வரும் இறுக்கம் பெரும்பாலும் ஓடி முடித்த ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். வேகமாக உள்ளே போகும் வறண்ட காற்று சவ்வின் ஈரத்தை உறிஞ்சிவிடுவது காரணம். முன்னதாக உடலைச் சூடேற்றிக்கொள்வது உதவும். உடற்பயிற்சியை விடுவதற்கு இது காரணமே அல்ல.

இரைப்பே இல்லாமல் இருமல் மட்டும் வரும் ஆஸ்துமாவும் உண்டு. எட்டு வாரத்துக்கு மேலாக வறட்டு இருமல், இரவில் அதிகம், சிரித்தாலோ குளிர்காற்று பட்டாலோ பொங்கும், மார்புப் படம் சுத்தமாக இருக்கும். ஆன்டிபயாடிக்கும் இருமல் சிரப்பும் மாற்றி மாற்றிக் குடித்துச் சலித்தவர்கள் பலர் இந்த வகை. மெத்தகோலின் சோதனை இங்கே நன்றாக உதவும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை

இந்த வகைகள் சுவர் வைத்துப் பிரித்த அறைகள் அல்ல. சிறுவயதில் ஒவ்வாமை ஆஸ்துமா இருந்தவருக்கு நாற்பதில் மூக்குச் சதையும் வரலாம், எடையும் கூடலாம், அவரே மாவு மில்லில் வேலையும் செய்யலாம். ஆகவே பல நிபுணர்கள் இப்போது "இவருக்கு எந்தப் பெயர்?" என்பதைவிட "இவரிடம் சரிசெய்யக்கூடியவை எவை?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஈசினோஃபில் ஒன்று, புகை ஒன்று, எடை ஒன்று, நெஞ்செரிச்சல் ஒன்று, தூக்கத்தில் மூச்சு நிற்பது ஒன்று, இன்ஹேலரைத் தவறாக இழுப்பது ஒன்று என்று தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றையும் கவனிக்கிறார்கள். எனக்கு இந்த வழிதான் நேர்மையானதாகப் படுகிறது.

எந்த வகையானாலும் அடித்தளம் ஒன்றுதான்: ஸ்டீராய்டு அடங்கிய இன்ஹேலர். நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்று உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா 2019இல் திட்டவட்டமாகச் சொன்னது. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014இல் வெளியான அறிக்கை, இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் லேசான அல்லது மிதமான ஆஸ்துமா என்று சிகிச்சை பெற்றவர்கள் என்று கண்டது. ஒமாலிசுமாப், மெபோலிசுமாப், பென்ராலிசுமாப், டுபிலுமாப், டெசெபெலுமாப் போன்ற ஊசிகள் இந்த அடித்தளத்துக்கு மேல், அதை ஒழுங்காக எடுத்தும் அடங்காதவர்களுக்கு. விலை மிக அதிகம். வகை தெரியாமல் போடுவது பணத்தை வீசுவது, 2007இன் ஏமாற்றத்தை ஒருவர் உடம்பில் திரும்ப நடத்துவது.

ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், நிவாரண இன்ஹேலரை இழுத்தும் சில மணி நேரம்கூடத் தாங்காவிட்டால், பீக் ஃப்ளோ உங்கள் வழக்கமான உச்சத்தில் பாதிக்குக் கீழே போனால், வகையைப் பற்றி யோசிக்க வேண்டாம். உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். இரைந்துகொண்டிருந்த நெஞ்சு திடீரென்று அமைதியானால் நிம்மதி அடையாதீர்கள். காற்றே போகவில்லை என்று அதற்குப் பொருள் இருக்கலாம்.

மற்ற நாட்களில், மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த வயதில் தொடங்கியது, எப்போது கூடுகிறது, விடுமுறையில் எப்படி, மூக்கும் வாசனையும் எப்படி, எந்த வலி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, கண் சொட்டு உட்பட என்னென்ன மருந்துகள், கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரை. பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஈசினோஃபில் எண்ணை வட்டமிட்டு. இன்ஹேலரையும் கையோடு கொண்டுபோய், அவர் கண்ணெதிரே ஒரு முறை இழுத்துக் காட்டுங்கள். மருந்து கேட்காத ஆஸ்துமா என்று பெயர் வாங்கிய பலருக்கு, மருந்து நாக்கிலும் தொண்டையிலுமே படிந்து நின்றிருக்கிறது.